சட்டைப் பொத்தானில் இருந்து மூக்குக் கண்ணாடி வரை

கேமராவைக் கையில பிடிக்காம உடம்புல மாட்டிக்கிட்டுத் திரியணும்ங்கிற ஆசை நேத்து முளைச்சது இல்லை மக்களே. கோப்ரோ வந்தப்புறம், மெட்டா கண்ணாடி வந்தப்புறம்தான் இந்த வியாதி ஆரம்பிச்சதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கணக்குப் பார்த்தா இதுக்கு வயசு கிட்டத்தட்ட 140. லூமியர் சகோதரர்கள் பாரீஸ்ல டிக்கெட் போட்டு சினிமா காட்டினது 1895ல. அதுக்கும் முன்னாடியே மனுஷன் சட்டைக்குள்ள கேமராவை ஒளிச்சு வெச்சுக்கிட்டுத் தெருவுல நடக்க ஆரம்பிச்சுட்டான்.

இந்த 140 வருஷத்துல சாமான் மாறியிருக்கு, விலை மாறியிருக்கு. ஆனா எதுக்காக மாட்டிக்கிறாங்கங்கிற காரணம் மட்டும் திரும்பத் திரும்ப அதே நாலுதான். கை காலியா இருக்கணும். எதிர்பாராம நடக்கறதைத் தவற விடக்கூடாது. நடந்தது மறந்துடக்கூடாது. நாலாவது, எடுக்கறது எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியக்கூடாது. முதல் மூணும் நல்ல பசங்க. நாலாவதுதான் வில்லன். வேடிக்கை என்னன்னா, வரலாற்றுல முதல்ல என்ட்ரி கொடுத்தது வில்லன்தான் :-)

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

பொத்தான் துளையில் ஒரு கண்

1886ல நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் கிரேன்னு ஒருத்தர், வெயிஸ்ட்கோட்டுக்குள்ள மறைச்சுக்கிற மாதிரி ஒரு கேமராவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வாங்கிப் பெரிய அளவுல தயாரிச்சு வித்தது ஸ்டிர்ன்ங்கிற ஜெர்மன் கம்பெனி. பார்க்க ஒரு சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டையா, வட்டமா இருக்கும். கயித்துல கட்டிக் கழுத்துல தொங்க விட்டுக்கணும். லென்ஸ் மட்டும் பொத்தான் துளை வழியா வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே வட்டமா ஒரு கண்ணாடித் தகடு. அதைத் திருப்பித் திருப்பி ஆறு படம் எடுக்கலாம். அவ்வளவுதான். அப்புறம் இருட்டறைக்குப் போய்த் தகடு மாத்தணும்.

ஆறே படம்! நம்மாளு ஒருத்தர் ஹோட்டல்ல தோசை வந்தா அதுக்கே ஆறு படம் எடுக்கறார்.

இந்தக் கேமராவை வாங்கினவங்கள்ல ரொம்பப் பேர் போனவர் கார்ல் ஸ்டோர்மர். நார்வே நாட்டுக்காரர். 1890கள்ல கிறிஸ்டியானியாவுல (இன்னிக்கு ஆஸ்லோ) படிச்சுக்கிட்டு இருந்த மாணவர். தெருவுல எதிர்ல வர்றவங்களுக்கு மரியாதையா வணக்கம் சொல்லுவார். அவங்க பதிலுக்குத் தொப்பியைத் தூக்கி லேசா சிரிக்கிற நேரம் பார்த்து, பாக்கெட்டுக்குள்ள இருக்கிற கயித்தை ஒரு இழு. படம் ரெடி. இப்படி நூத்துக்கணக்கான படங்கள். நாடக ஆசிரியர் இப்சன் நடந்து போறது கூட அதுல மாட்டியிருக்கு.

அந்தப் படங்கள் ஏன் இன்னிக்கும் பேசப்படுதுன்னா, அந்தக் காலத்து ஸ்டுடியோ படங்கள்ல எல்லாரும் விறைப்பா, எதையோ முழுங்கின மாதிரி நிப்பாங்க. ஸ்டோர்மர் படத்துல இருக்கிற ஜனங்க மட்டும் சாதாரணமா நடக்கறாங்க, சிரிக்கறாங்க, வெயில்ல கண்ணைச் சுருக்கறாங்க. 19ஆம் நூற்றாண்டு மனுஷங்களும் நம்மள மாதிரிதான் இருந்திருக்காங்கன்னு அதைப் பார்த்தாதான் நம்பவே முடியுது.

சரி, அவருக்கு இந்த யோசனை எப்படி வந்ததாம்? பேசிப் பழகாத ஒரு பெண் மேல ஆசைப்பட்டு, அவங்க படம் வேணும்னுதான் ஆரம்பிச்சதா அவரே பின்னாள்ல சொல்லியிருக்கார். கேக்க ரொமான்டிக்கா இருக்கு. அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு யோசிச்சா அவ்வளவு ரொமான்டிக்கா இல்லை. இந்த மொத்தப் பதிவோட பிரச்சினையும் இந்த ஒரு வரியில அடங்கிடுது.

(ஸ்டோர்மர் பின்னாடி பெரிய கணிதப் பேராசிரியர் ஆனார். வடதுருவ ஒளியைப் படம் பிடிச்சு, அது எவ்வளவு உயரத்துல உண்டாகுதுன்னு கணக்குப் போட்டவர். ஒளிஞ்சு எடுக்கறதை விட்டுட்டு வானத்தை எடுக்கப் போயிட்டார். வானம் புகார் பண்ணாது.)

அதே காலகட்டத்துல அமெரிக்காவுல ஈஸ்ட்மேன் 1888ல கோடாக் கேமராவை இறக்கினார். யார் வேணா, எங்க வேணா படம் எடுக்கலாம்னு ஆச்சு. ரெண்டே வருஷத்துல, 1890ல, வாரன், பிராண்டைஸ்னு ரெண்டு வக்கீல்கள் ஹார்வர்ட் சட்ட இதழ்ல 'அந்தரங்கத்துக்கான உரிமை'ன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. நொடியில எடுக்கிற புகைப்படமும் பத்திரிகையும் சேர்ந்து வீட்டுக்குள்ள புகுந்துடுச்சுன்னு அதுல கவலைப்படறாங்க. இன்னிக்கு உலகம் பூரா பேசற தனியுரிமைச் சட்டங்களுக்கு அந்தக் கட்டுரை ஒரு தாய்வேர். அதாவது கேமரா சின்னதானதும் சட்டம் யோசிக்க ஆரம்பிச்சது. முதல்ல பொருள், அப்புறம் புலம்பல், கடைசியில சட்டம். இந்த வரிசை இன்னிக்கு வரைக்கும் மாறலை.

புறாவோட லாக் ஃபைல்

கை காலியா இருக்கணும்னு சொன்னேன் இல்லையா? கையே இல்லாத ஒரு ஆளுக்குக் கேமரா மாட்டின கதை இது.

ஜெர்மனியில குரோன்பெர்க்ங்கிற ஊர்ல ஜூலியஸ் நாய்ப்ரோனர்னு ஒரு மருந்துக்கடைக்காரர். பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அவசர மருந்தைப் புறா மூலமா அனுப்புவார். (எட்டு நிமிஷத்துல டெலிவரின்னு இப்ப பீத்திக்கிறாங்களே, அதோட கொள்ளுத்தாத்தா.) ஒருநாள் ஒரு புறா பனிமூட்டத்துல வழி தவறிப் போயிடுச்சு. நாலு வாரம் கழிச்சு நல்லா கொழுத்து, ஜம்முனு திரும்பி வந்துச்சு. இவ்வளவு நாள் எங்கய்யா போயிருந்தன்னு கேட்டா புறா சொல்லுமா?

நம்ம சாஃப்ட்வேர் ஆட்கள் என்ன பண்ணுவோம்? லாக் ஃபைல் எழுதற மாதிரி நாலு வரி சேர்ப்போம். நாய்ப்ரோனரும் அதேதான் பண்ணினார். புறாவோட மார்புல கட்டற மாதிரி, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தானாவே படம் எடுக்கற குட்டி கேமரா செஞ்சார். மாடலைப் பொறுத்து எடை 30ல இருந்து 75 கிராம். 1907ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சா, இதெல்லாம் நடக்காத காரியம்னு முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. புறா எடுத்த படங்களையே ஆதாரமா காட்டி 1908ல வாங்கினார். அந்தப் படங்கள் சிலதுல ரெண்டு ஓரத்துலயும் புறாவோட சிறகு நுனி தெரியும். என்னைக் கேட்டா உலகத்தோட முதல் கோப்ரோ ஷாட் அதுதான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஸ்டோர்மர் கேமராவுல எப்ப எடுக்கணும்னு முடிவு பண்ணினது மனுஷன். புறா கேமராவுல முடிவு பண்ணினது கடிகாரம். என்ன நடக்கப் போகுதுன்னு தெரியாதப்போ எல்லாத்தையும் எடுத்துடு, அப்புறம் பொறுக்கிக்கலாம்ங்கிற தத்துவம் அங்கதான் பிறந்தது. இந்த ரெண்டாவது குணம் பின்னாடி பெரிய தலைவலியா வந்து நிக்கப் போகுது.

நெத்தியில ஒரு வால்நட்

அடுத்த நிறுத்தம் 1945. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்க விஞ்ஞானிகளை எல்லாம் ஒருங்கிணைச்ச வனேவர் புஷ், அட்லாண்டிக் பத்திரிகையில ஜூலை மாசம் ஒரு கட்டுரை எழுதினார். ஹைப்பர்டெக்ஸ்ட், இணையம் எல்லாத்துக்கும் முன்னோடின்னு காலேஜ்ல எங்களுக்கும் சொன்னாங்க. மெமெக்ஸ்ங்கிற மேஜை இயந்திரத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. அதே கட்டுரையில இருக்கிற கேமராவைப் பத்தி யாரும் பேசறதில்லை.

எதிர்கால ஆராய்ச்சியாளர் நெத்தியில வால்நட் கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு கேமரா மாட்டியிருப்பாராம். 3 மில்லிமீட்டர் சதுரத்துல படம். நூறு படத்துக்கு ஃபிலிம். ஷட்டர் கயிறு சட்டைக் கை வழியா விரலுக்கு வந்துடும். எதை எடுக்கறோம்னு தெரிய மூக்குக் கண்ணாடியோட ஒரு மூலையில சின்னதா ஒரு கட்டம். பார்க்கற பொருள் அந்தக் கட்டத்துக்குள்ள வந்தா விரலை அழுத்த வேண்டியதுதான். 1945ல உக்காந்துக்கிட்டு மனுஷன் கூகிள் கிளாஸோட ரெக்வைர்மெண்ட் டாக்குமெண்ட்டையே எழுதி வெச்சிட்டார். டெலிவரிக்குத்தான் 67 வருஷம் ஆச்சு. (நம்ம புராஜெக்ட்டே பரவால்ல!)

கட்டுரையா இருந்ததை உடம்புல மாட்டிக் காட்டினவர் ஸ்டீவ் மேன். கனடாக்காரர். 1980கள்லயே ஹெல்மெட், ஆன்டெனா, பேட்டரி, முதுகுல கம்ப்யூட்டர்னு ஒரு நடமாடும் ஈபி ஆபீஸ் மாதிரி திரிஞ்சவர். 1994ல எம்ஐடியில ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ, தன் கண்ணுக்குத் தெரியறதை அப்படியே வலைத்தளத்துல காட்ட ஆரம்பிச்சார். யூடியூப் பிறக்க இன்னும் 11 வருஷம் பாக்கி.

அவர் வெறும் விளையாட்டுக்குப் பண்ணலை. அவர் கேட்ட கேள்வி இதுதான்: கடைக்காரன், போலீஸ், பேங்க் எல்லாரும் மேல கேமரா மாட்டி என்னைப் பார்க்கறாங்க, நான் கீழே இருந்து அவங்களைத் திருப்பிப் பார்த்தா என்ன தப்பு? இதுக்கு 'கீழிருந்து கண்காணிப்பு'ங்கிற அர்த்தத்துல ஒரு தனிச் சொல்லே உண்டாக்கினார். நியாயமான கேள்விதான். ஆனா மேலேயும் கேமரா, கீழேயும் கேமரான்னா நடுவுல சும்மா டீ குடிச்சுக்கிட்டு இருக்கிறவன் கதி? அதுக்கு அவர்கிட்டயும் பதில் இல்லை.

சிப் சின்னதான கதை

அதுவரைக்கும் இது பைத்தியக்கார விஞ்ஞானிகள் சமாச்சாரம். சாதாரண ஜனங்க கைக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு சிப்.

1969ல பெல் ஆய்வகத்துல பாயில், ஸ்மித் ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச சிசிடி சென்சார்தான் ரொம்ப நாள் டிஜிட்டல் கேமராவோட கண். படம் அருமையா வரும். ஆனா கரண்ட்டை உறிஞ்சும், கூடவே தனி சர்க்யூட் கூட்டமே வேணும். 1990கள்ல நாசாவோட ஜெட் உந்து ஆய்வகத்துல எரிக் ஃபோஸம் குழு, விண்கலத்துக்காக சின்ன கேமரா தேடப் போய், சிமாஸ் சென்சாரை உருப்படியா வேலை செய்ய வெச்சது. மொத்த கேமராவும் ஒரே சிப்புல அடங்கும், கரண்ட்டும் ரொம்பக் கம்மி. அப்புறம் 2000கள்ல செல்ஃபோன்ல கேமரா வந்ததும் இந்த சிப்பைக் கோடிக்கணக்குல அடிச்சுத் தள்ளினாங்க. விலை தரைக்கு வந்துச்சு. ஃபிளாஷ் மெமரியும் மலிவாச்சு. 2003ல எச்.264 வந்து வீடியோவை நல்லா அமுக்கிச் சுருட்டிக் கொடுத்துச்சு.

இதெல்லாம் சேர்ந்தா உடம்புல மாட்டற வீடியோ கேமராவுக்கு சமையல் சாமான் ரெடி. மிச்சம் இருந்த எதிரி ரெண்டு பேர்: பேட்டரி, சூடு. இன்னிக்கும் அவங்கதான் எதிரி.

ஜெயிச்ச ஒருத்தர், தோத்த நாலு பேர்

நிக் உட்மேன் கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். முதல் கம்பெனி 2001ல ஊத்திக்கிச்சு. மனசு சரியில்லைன்னு ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவுக்கு அலைச்சறுக்குப் போனார். அலை மேல இருக்கும்போது தன்னைத் தானே எடுத்துக்க முடியலையேன்னு கேமராவை மணிக்கட்டுல கட்டற பட்டை செஞ்சார். அம்மாகிட்ட தையல் மெஷின் கடன். பாலித் தீவுல வாங்கின சிப்பி பெல்ட்டை கலிஃபோர்னியாவுல வேன்ல வெச்சு வித்து முதல். 2004ல வந்த முதல் கோப்ரோ ஹீரோ ஃபிலிம் கேமராங்க, வீடியோவே கிடையாது! 2006ல டிஜிட்டல் ஆனப்போ 10 விநாடி வீடியோ. 2009ல எச்டி ஹீரோ. அப்புறம் நடந்தது சரித்திரம். 2014 ஜூன்ல பங்குச்சந்தைக்கு வந்தப்போ ஒரு பங்கு 24 டாலர். அதே வருஷம் இலையுதிர் காலத்துல 80ஐத் தாண்டிச்சு.

இப்ப அதே காலத்துல தினசரி வாழ்க்கையை எடுக்கறதுக்குன்னே வந்தவங்களைப் பார்க்கலாம்.

2010ல லுக்ஸின்னு ஒண்ணு. காதுல மாட்டற புளூடூத் மாதிரி இருக்கும், 199 டாலர். பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஏதாவது சுவாரசியமா நடந்தா, நடந்து முடிஞ்ச அப்புறம் பட்டனை அழுத்தினாப் போதும், கடைசி 30 விநாடியை எடுத்து வெச்சுக்கும். நம்ம பாஷையில சர்குலர் பஃபர். பழசு மேல புதுசை எழுதிக்கிட்டே போறது. எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயே ரொம்பப் புடிச்ச யோசனை இதுதான். குழந்தை முதல் அடி எடுத்து வைக்கறதை எந்த அப்பாவும் கேமராவோட காத்துக்கிட்டு இருந்து பிடிச்சதில்லை. நடந்த அப்புறம்தான் அடடான்னு தோணும். அந்த 'அடடா'வுக்கு ஒரு பட்டன்! இதே தத்துவத்துல காருக்குள்ள ஓடற டேஷ்கேம் ரஷ்யாவுல பரவலா இருந்ததாலதான் 2013 பிப்ரவரி 15ல செல்யாபின்ஸ்க் விண்கல் வெடிச்சதை உலகமே பார்த்துச்சு.

2013ல ஸ்வீடன்ல இருந்து நெரேட்டிவ் கிளிப். சட்டையில குத்திக்கிற சின்ன சதுரம், 30 விநாடிக்கு ஒரு படம். 2013ல பிரிட்டன்ல ஆட்டோகிராஃபர், இதுவும் அதே வேலை. 2016ல ஸ்னாப் கம்பெனியோட ஸ்பெக்டக்கிள்ஸ், 10 விநாடி வீடியோ எடுக்கற வண்ணக் கண்ணாடி. மஞ்சள் கலர் வெண்டிங் மெஷின்ல வெச்சு வித்தாங்க, ஜனங்க வரிசையில நின்னு வாங்கினாங்க. அடுத்த வருஷமே விக்காத சரக்குக்காக சுமார் 4 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதினாங்க. கிளிப்பும் ஆட்டோகிராஃபரும் 2016லயே கடையை மூடிட்டாங்க. லுக்ஸி அதுக்கும் முன்னாடியே காணாமப் போச்சு.

ஏன் அப்படி? எஞ்சினியர் புத்தியில ஒரு சின்ன கணக்குப் போட்டேன். முழிச்சிருக்கிற 16 மணி நேரமும் 30 விநாடிக்கு ஒரு படம்னா ஒரு நாளைக்கு 1,920 படம். வருஷத்துக்கு 7 லட்சம். வீடியோவா எடுத்தா, நொடிக்கு 10 மெகாபிட்னு வெச்சாக்கூட மணிக்கு 4.5 ஜிபி, நாளைக்கு 72 ஜிபி, வருஷத்துக்கு 26 டெராபைட். சேமிக்கிறது கூடப் பெரிய விஷயம் இல்லை, காசு கொடுத்தா டிஸ்க் கிடைக்கும். 16 மணி நேர வீடியோவைத் திரும்பப் பார்க்க 16 மணி நேரம் வேணுமே, அதை எந்தக் கடையில வாங்கறது?

அலைச்சறுக்குக்கு ஒரு தொடக்கம் இருக்கு, முடிவு இருக்கு, நடுவுல ஒரு உச்சம் இருக்கு. மூணு நிமிஷத்துல வெட்டி எடுத்துடலாம். இதனாலதான் கோப்ரோ ஜெயிச்சது. கூட இருக்கிறவங்களும் கேமராவைத் தெரிஞ்சே வந்தவங்க. செவ்வாய்க்கிழமை காலைக்கு அப்படி எந்தத் தொடக்கமும் முடிவும் கிடையாது. புறா கேமராவோட பழைய வினை அதுதான்: எல்லாத்தையும் எடுத்தாச்சு, பொறுக்கறது யாரு?

(கோப்ரோவும் அப்படியே பறந்துக்கிட்டு இல்லை. 2016ல விட்ட டிரோன் வானத்துலயே பவர் போய் விழுந்து திரும்பப் பெற வேண்டியதாச்சு. 2024ல பங்கு விலை 2 டாலருக்கும் கீழே. ஒரு கோப்ரோ வாங்கினவருக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு தேவைப்படலை. அது தனிக் கதை.)

மறதிக்கு மருந்து

பொறுக்க ஆளில்லைன்னு சொன்னேன். ஒரே ஒரு இடத்துல அது வேற மாதிரி நடந்தது.

இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்துல லிண்ட்சே வில்லியம்ஸ்னு ஒரு அம்மா சென்ஸ்கேம்னு ஒண்ணு வடிவமைச்சாங்க. கழுத்துல தொங்கற கேமரா, அகலமான மீன்கண் லென்ஸ். வெளிச்சம் மாறினாலோ, எதிர்ல ஆள் வந்தாலோ தானா ஒரு படம். ஒண்ணும் மாறலைன்னாலும் அரை நிமிஷத்துக்கு ஒண்ணு. அமெரிக்காவுல கார்டன் பெல், தன் வாழ்க்கையையே கம்ப்யூட்டர்ல சேமிக்கிறேன்னு வனேவர் புஷ் கனவைத் துரத்தினாரே, அவரும் இதைத்தான் மாட்டிக்கிட்டார். அவர் கடைசியில அலுத்துப் போய் விட்டுட்டார். 2024ல காலமானார்.

ஆனா கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில இதை வேற ஒருத்தருக்கு மாட்டினாங்க. மூளை அழற்சியால நினைவு பாதிக்கப்பட்ட 63 வயசு அம்மா. நேத்து எங்க போனோம், யாரைப் பார்த்தோம்னு அஞ்சு நாள்ல சுத்தமா மறந்துடும். கேமராவை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டு வந்து, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கணவர் கூட உக்காந்து அந்தப் படங்களைப் பார்த்தாங்க. 2007ல வெளியான ஆய்வுப்படி, நடந்ததுல ஏறக்குறைய 80 சதவீதம் அவங்களுக்கு நினைவுக்கு வந்துச்சு. மாசக்கணக்கா படத்தைப் பார்க்காம விட்டும் நின்னுச்சு. டைரி எழுதிப் படிச்சுக் காட்டினப்போ இந்த அளவு பலன் இல்லை.

எதுக்கு 7 லட்சம் படம்னு கேட்டோமே, பதில் இதுதான். பார்க்கறதுக்கு ஒரு காரணமும், பக்கத்துல உக்காந்து சேர்ந்து பார்க்க ஒரு ஆளும் இருந்தா அது குப்பை இல்லை.

இதைப் படிச்சதுல இருந்து எனக்கு எங்க பாட்டி நினைப்புதான். கடந்த ரெண்டு வருஷமா மறதி. என்னை சில நாள் சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. தாத்தா போய் எட்டு வருஷம் ஆச்சு, அவர் குரல் எப்படி இருக்கும்னு போன மாசம் கேட்டாங்க. வீடு பூராத் தேடினோம். எங்க அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட்டை சிடியா மாத்தி வெச்சது இருக்கு. மூணு மணி நேரம். மாலை சுத்தி இதயத்துக்குள்ள முகம் வர்ற எஃபெக்ட், பின்னாடி முழுக்க சினிமாப் பாட்டு. தாத்தா ஒரு ஓரத்துல யாரையோ பந்திக்குக் கூப்பிட்டுக்கிட்டு நாலு விநாடி போறார். வாய் அசையுது, பாட்டுதான் கேக்குது. மத்தபடி விசேஷம், காதுகுத்து, கிரகப்பிரவேசம்னு எல்லாத்துலயும் விறைப்பா நிக்கிறார். ஸ்டுடியோ படத்துல நிக்கிற 19ஆம் நூற்றாண்டு நார்வேக்காரங்க மாதிரி.

அவர் காலையில ஈஸி சேர்ல உக்காந்து பேப்பரை சத்தமா வாசிப்பார், பாட்டி சமையலறையில இருந்தே அரசியல்வாதிகளைத் திட்டுவாங்க. தினம் நடந்த கூத்து. பத்து விநாடி கூட எங்ககிட்ட இல்லை. தினம் நடக்கறதை யார் எடுப்பா? விசேஷத்துக்குத்தானே வீடியோக்காரர் வருவார்.

சின்ன கேமராவோட கவர்ச்சி எனக்கு அந்த இடத்துலதான் புரிஞ்சது.

திரும்பவும் பொத்தான் துளைக்கே

இப்ப வில்லனுக்கு வருவோம்.

2012ல கூகிள் கிளாஸை அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் 1,500 டாலருக்குக் கொடுத்தாங்க. மாட்டிக்கிட்டுப் போனவங்களை மதுக்கூடத்துல உள்ளே விட மாட்டேன்னாங்க, கெட்ட வார்த்தை மாதிரி ஒரு பட்டப் பெயரே வெச்சாங்க. 2015 ஜனவரியில பொதுமக்களுக்கு விக்கறதை நிறுத்திட்டாங்க. தொழிற்சாலைகளுக்குன்னு வந்த மாடலும் 2023 மார்ச்சோட முடிஞ்சது. விலை, பேட்டரின்னு பல காரணம் இருந்தாலும், முக்கியமா ஒண்ணு: ஒருத்தர் முகத்துல அது இருக்குன்னு பத்தடி தூரத்துலயே தெரிஞ்சது. தெரிஞ்சதால ஜனங்க சண்டைக்கு வந்தாங்க.

2021ல ஃபேஸ்புக், ரே-பான் கூட சேர்ந்து ஒரு கண்ணாடி கொண்டு வந்துச்சு. 2023ல அடுத்த மாடல் ரே-பான் மெட்டா. சுமார் 50 கிராம். பார்த்தா சாதாரண ரே-பான். 2025 பிப்ரவரியில, 20 லட்சம் ஜோடி வித்தாச்சுன்னு தயாரிப்பாளர் எசிலார்லக்ஸாட்டிகா சொன்னாங்க. அதே வருஷம் மே மாசம் 29,900 ரூபாய் ஆரம்ப விலையில இந்தியாவுக்கும் வந்துடுச்சு. கிளாஸ் தோத்த இடத்துல இது ஜெயிச்சதுக்கு ஏஐ, விலை, ஃபேஷன்னு ஆயிரம் சொல்றாங்க. நான் சொல்ற காரணம் ஒண்ணுதான்: கேமரான்னு தெரியலை. 1886ல ஸ்டிர்ன் வித்த அதே சரக்கு.

படம் எடுக்கும்போது ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரியும், அதை மறைச்சா எடுக்காதுன்னு கம்பெனி சொல்லுது. அந்த விளக்கையே செயலிழக்க வெச்சுத் தர்ற ஆளுங்க கிளம்பிட்டாங்கன்னு 2025லயே செய்தி வந்துடுச்சு. 2024ல ஹார்வர்ட் மாணவர்கள் ரெண்டு பேர் இந்தக் கண்ணாடியை முகம் தேடற தளத்தோட இணைச்சு, தெருவுல போற முன்பின் தெரியாதவங்க பேர், விலாசம் வரைக்கும் எடுத்துக் காட்டினாங்க. எச்சரிக்கைக்காகத்தான் பண்ணினாங்க, நிரலை வெளியிடலை. ஆனா முடியும்னு தெரிஞ்சு போச்சு. ஸ்டோர்மருக்கு அந்தப் பொண்ணோட முகம் மட்டும்தான் கிடைச்சது. இன்னிக்கு இருந்தா வீட்டு விலாசமும் சேர்ந்து வந்திருக்கும்.

இன்னும் கொடூரமானதும் உண்டு. 2019 மார்ச் 15ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் மசூதிகள்ல 51 பேரைக் கொன்னவன், தலையில கேமரா மாட்டி அதை நேரலையில காட்டினான். கையை காலியாக்கற கருவி, அந்தக் கையில என்ன இருக்குன்னு கேக்கறதில்லை.

நம்ம நாட்டு நிலைமை? 2017 ஆகஸ்ட்ல உச்சநீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்குல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஈ பிரிவு, அனுமதியில்லாம அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுக்கறதைக் குற்றம்ங்குது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருத்தர் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வெச்சிருக்கிற தரவு தனக்குள்ள வராதுன்னு ஒதுக்கிடுச்சு. பஸ்ல எதிர் சீட்டுல தூங்கற அக்காவை ஒருத்தன் கண்ணாடியில எடுத்துத் தன் ஃபோன்ல வெச்சிருந்தா? பொருள் வந்தாச்சு, புலம்பல் கட்டத்துல இருக்கோம்.

அப்ப என்னதான் பண்றது?

தூக்கிப் போடுங்கன்னு சொல்ல என்னால முடியலை. அந்த கேம்பிரிட்ஜ் அம்மாவை நினைச்சா முடியலை, எங்க தாத்தாவோட வாயசையற நாலு விநாடியை நினைச்சாலும் முடியலை.

எனக்குன்னு சில விதி வெச்சிருக்கேன். சரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க. ஒண்ணு, மாட்டினா எல்லாருக்கும் தெரியற மாதிரி கழுத்துலதான் மாட்டணும், மூக்குல இல்லை. இன்ஸ்டா360 கோ மாதிரி கட்டை விரல் அளவுல, 2019லயே 18 கிராமுக்கு வந்துடுச்சு, சட்டை மேல காந்தத்துல ஒட்டிக்கும். ரெண்டு, வீட்டுக்குள்ள மட்டும், அதுவும் கேட்டுட்டு. மூணு, எடுத்ததை அந்த வாரமே எடுத்தவங்க கூட உக்காந்து பார்க்கணும். பார்க்க நேரம் இல்லைன்னா எடுக்கவே வேண்டாம்.

பாட்டிகிட்ட கேட்டேன். "என்னை எதுக்குடா எடுக்கற, மூஞ்சியைக் கூடக் கழுவலை"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, நான் கீரை ஆயறப்போ எடுத்துக்கோ, பேசிக்கிட்டே ஆயறேன்"ன்னாங்க. போன ஞாயித்துக்கிழமை 22 நிமிஷம் எடுத்திருக்கேன். முளைக்கீரை, பாதி கதை, நடுவுல குக்கர் விசில் மூணு. புதன்கிழமை ராத்திரி சேர்ந்து பார்த்தோம். "இது யாரு, எங்க அம்மா மாதிரியே இருக்கா"ன்னாங்க.

உங்க வீட்டுல எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண நாள் வீடியோவா இருக்கா மக்களே? இருந்தா பின்னூட்டத்துல அது என்ன நாள்னு மட்டும் சொல்லுங்க. வீடியோ வேண்டாம், அது உங்க வீட்டோட இருக்கட்டும்.

டிஸ்கி: எந்தக் கண்ணாடிக் கம்பெனியும் எனக்கு ஓசியில ஒண்ணும் அனுப்பலை. அனுப்பினாலும் மூக்குல மாட்டறதா இல்லை :-)